கருவாட்டுத் தாளில் வந்த இங்கிலீஷ் படம்

பாம்பனுக்கு இங்கிலீஷ் படம் வந்தால் அதனோடு ஓர் ஆளும் வருவார். டூரிங் டாக்கீஸ் கூடாரத்தில் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மைக்கோடு உட்கார்ந்துகொள்வார். படத்தில் யார் வாயைத் திறந்தாலும் இவர்தான் பேசுவார். வெள்ளைக்காரப் பெண் கண்ணீர் விட்டால், "அண்ணே, என்னைய இப்படித் தவிக்க விட்டுட்டுப் போறியளே" என்று இவர் கட்டைக்குரலில் அழுவார். குதிரை ஓடினால் குதிரைக்கும் இவரே கனைப்பார். வெள்ளைக்காரர்கள் உண்மையில் என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

மற்றவர்களுக்கு அதில் குறை இல்லை. எனக்கு இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அய்யா வலை இழுக்கிறவர். அம்மா மீன் காயப்போடுகிறவள். அண்ணன்மார் இருவரும் பெயரெழுதத் தெரியாமலே கடலுக்குப் போனவர்கள். நானோ கன்னியாஸ்திரீகளிடம் படித்து, இங்கிலீஷ் செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசாக ஒரு பென்சில் பெட்டி வாங்கியவள். அப்படிப்பட்டவள் மணலில் உட்கார்ந்து, மைக்குக்காரரின் தமிழைக் கேட்டுக்கொண்டிருப்பதா? ஒருநாள் எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க. அவுக பேசுறது எனக்குக் கேக்கணும்."

கூடாரமே திரும்பிப் பார்த்தது. அவர் அசரவில்லை. மைக்கிலேயே பதில் சொன்னார்: "பொம்பளைக பக்கம் துரைசாணி ஒருத்தக வந்திருக்காக. அவுக மட்டும் காதப் பொத்திக்கிடட்டும். மத்தவுக கேளுங்க."

மறுநாள் தண்ணீர்க் குடத்தோடு கிணற்றுக்குப் போனபோதே எனக்குத் துரைசாணி என்று பெயர் விழுந்திருந்தது. கோபப்பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

அந்தக் கூடாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை அடுத்த படப்பெட்டி எந்த ஸ்டேஷனிலோ மாட்டிக்கொண்டு வராமல் போய்விட்டது. ஒரே தமிழ்ப் படத்தைப் பத்து நாள் ஓட்டினார்கள். அண்ணிக்காரி ஒருத்தி தன் நாத்தனாரை வீட்டை விட்டு விரட்டுகிற கதை. நான் நாலு தடவை பார்த்தேன். எந்தக் கட்டத்தில் யார் என்ன சொல்வார் என்பது ஜெபம் மாதிரி மனப்பாடம்.

பள்ளி இறுதித் தேர்வில் தேறியதும் மதுரையில் டீச்சர் ட்ரெயினிங் சேர வேண்டும் என்றேன். அய்யா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னயக் கேக்காத. ஒம் மாமனக் கேளு" என்றார். எங்கள் ஆட்களிடம் பெண்பிள்ளையின் காரியம் எதுவானாலும் தாய்மாமன் வாய் திறக்க வேண்டும். மாமனோ கொழும்பில் கருவாட்டு மண்டி வைத்திருந்தார். அவருடைய சம்மதம் கடிதமாக வரும். அதைக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்க வாசிப்பார். அதற்குப் பிறகுதான் அது செல்லும். நானே வாசிக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும், "ஒன் காரியத்த நீயே வாசிக்கிறதா?" என்று அம்மா மறுத்துவிடுவாள்.

விண்ணப்பம் அனுப்ப இரண்டு மாதம் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து மாமா ஊருக்கு வந்தார். நான் ட்ரெயினிங் என்றதற்குப் பிடிகொடுக்காமல், அத்தைக்குக் கைக்குழந்தை, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றார். நான் வாரேன் என்று முந்திக்கொண்டேன். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே கடிதத்தை வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. மண்டபம் முகாமில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் மாமாவிடம் ட்ரெயினிங் பேச்சை எடுத்தேன். வழியெல்லாம் அவர் "பாப்பம்" என்றார்.

கீழே மண்டி, மேலே வீடு. படியேறினால் நெத்திலி வாசம் கூடவே ஏறிவரும். மாமாவுக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. எந்தத் தராசும் அவரை ஏமாற்ற முடியாது, எந்தக் காகிதமும் ஏமாற்றலாம். கருவாடு மடிக்கப் பழைய பேப்பரைக் கட்டுக்கட்டாக வாங்கிப்போட்டிருந்தார். எல்லாம் இங்கிலீஷ் பேப்பர். முதல் நாளே ஒன்றை உருவி உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தில் சினிமா விளம்பரங்கள். ஊர் முழுக்கத் தியேட்டர். தமிழ்ப் படம் ஓரிடம், இந்திப் படம் ஓரிடம், இங்கிலீஷ் படம் நாலைந்து இடம்.

"அத்தை, இங்கன இங்கிலீஷ் படத்துக்கு மைக்குல ஆள் பேசுவாகளா?"

அத்தை தொண்டிக்காரி. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவள். கொழும்புக்கு வந்து மூன்று வருஷமாகியும் கோயிலைத் தவிர வேறெங்கும் போனதில்லை. "எனக்கென்னடி தெரியும்? ஒங்க மாமா என்னைய எங்க கூட்டிட்டுப் போனாக? கருவாடு தெரியும், கோயில் தெரியும். கேட்டுப் பாரு. நடந்தா எனக்கும் புண்ணியம்."

இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்த மாமாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"படம் பாத்துப் போட்டு வந்து என்னத்தா செய்யப்போற?"

"இங்கிலீஷ் படிச்சிருக்கேன் மாமா. அவுக வாயால பேசுறதக் கேக்கணும்."

"கேட்டா புரிஞ்சுபோகுமாக்கும்?"

"புரியாம?"

மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார். "சரி மருமகளே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மத்தியானக் காட்சிக்குப் போவம். எனக்கும் ஒங்க அத்தைக்கும் அங்கன பேசப் பேச நீ தமிழ்ல சொல்லணும். சொல்லிட்டா ட்ரெயினிங் காயிதம் தாரேன். முழிச்சேன்னு வையி, அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயி ஒன் ஆத்தாளோட மீன் காயப்போடு."

அத்தை குழந்தைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு எனக்குக் கண்ணடித்தாள். பாம்பன் மைக்குக்காரரின் வேலையை நானே செய்யப்போகிறேன் என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

நல்ல படமாகப் பொறுக்கினேன். கப்பல், தீவு, புயல் என்று விளம்பரத்தில் இருந்தது. கடல் படம் என்றால் பேச்சு புரியாத இடத்தில் கடலைப் பார்த்தாவது சொல்லிவிடலாமே. தியேட்டர் பெயரையும் தெருவையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, நம்ம பிள்ள இங்கிலீஷ் பேப்பர் வாசிச்சு வழி சொல்லுது" என்று மண்டி ஆட்களிடம் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே படியில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். குழந்தைக்கு லேஸ் வைத்த தொப்பி. டிராம் ஏறி இறங்கிப் போனால், தியேட்டர் வாசலில் கப்பலும் இல்லை, தீவும் இல்லை. பொட்டு வைத்த பெண் ஒருத்தி தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தாள். மேலே வட்டவட்டமான எழுத்து.

"ஏத்தா, இது சிங்களப் படம்ல?" என்றார் மாமா.

அவசரமாகப் பையிலிருந்த தாளைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் கப்பல் இருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினேன். தேதி இருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்திய தேதி. கருவாடு மடிக்க வாங்கும் பேப்பர் அன்றைய பேப்பராக எப்படி இருக்கும்? இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த எனக்குத் தேதி பார்க்கத் தோன்றவில்லை.

மாமா தாளை வாங்கி மோந்து பார்த்தார். "சூடைக் கருவாடு சுத்துற தாளு" என்றார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"திரும்பிருவோமா?" என்றேன் மெல்ல.

"யாரு திரும்புறது?" என்றாள் அத்தை. "மூணு வருசத்துல மொதத் தடவ பட்டு கட்டிருக்கேன். அழுகைப் படமோ சிரிப்புப் படமோ, பாத்துட்டுத்தான் வருவேன்."

"அதுவும் சரிதான்" என்றார் மாமா. "மருமகளே, ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். சிங்களத்தச் சொல்லு பாப்பம்." கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குள் என் ட்ரெயினிங் மூழ்கிப்போவதை நான் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

விளக்கு அணைந்தது. முதல் காட்சியில் ஒரு கிணறு. கிணற்றடியில் தாவணிப் பெண் வாளி இழுக்கிறாள், பின்னால் அண்ணிக்காரி வந்து இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். அந்தக் கிணற்றை எனக்குத் தெரியும். அதன் உடைந்த விளிம்பும் தெரியும். பெண்ணும் அண்ணியும் வேறு ஆட்கள், கிணறு மட்டும் நான் பாம்பனில் நாலு தடவை பார்த்த அதே கிணறு.

சிங்களப் படங்களை அப்போது சென்னை ஸ்டுடியோக்களில் எடுப்பார்கள் என்பதும், தமிழில் ஓடிய படத்தின் கதையையும் மெட்டையும் கட்டி வைத்த வீட்டையும் அப்படியே எடுத்துக்கொள்வது உண்டு என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அந்த நிமிஷம் தெரிந்தது ஒன்றே. மாதா என்னைக் கைவிடவில்லை.

மாமா பக்கம் சாய்ந்தேன். "'எம் புருசன் சம்பாரிக்கிறதத் தின்னுட்டு எம் மேலயே தண்ணியத் தெளிக்கிறியா?'ங்கிறா அண்ணிக்காரி."

மாமா திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாகக் கொழும்பில் இருப்பவர். விலை பேசவும் திட்டவும் அவருக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். "அட, அப்படித்தான் சொல்லுறா" என்றார்.

அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. அழுகையை அழுகையாகச் சொன்னேன், அதட்டலை அதட்டலாகச் சொன்னேன். சில இடங்களில் அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். முன் வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். "ஒனக்கு எப்படித்தா வருது இது?" என்று மாமா கிசுகிசுத்தார். "ஒரு பாஷைய ஒழுங்காப் படிச்சா மத்தது தன்னால வந்துரும் மாமா" என்றேன். இதைச் சொன்ன வாயை இன்றும் நினைத்தால் கிள்ளத் தோன்றுகிறது.

ஒரே இடத்தில்தான் சறுக்கினேன். கடைசியில் பெண்ணின் தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். "இந்தா, செத்துப் போறா" என்றேன். கிழவி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். சிங்களத்தில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

"சாகலயே?" என்றார் மாமா.

"சாகப்போறேன்னுதான் சொன்னா. மனச மாத்திக்கிட்டா."

அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். குழந்தை எழுந்துவிடும் என்பதற்காகக் கிள்ளுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்தக் கெழவி செத்துப்போவான்னு நானுந்தாண்டி நெனச்சேன்."

"அத்தை?"

"தொண்டியில மூணு தடவ பாத்த படம். கல்யாணத்துக்கு முந்தி. கெணத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் நீ பெரிய ஆளுதான்."

"மாமாட்ட சொல்லிருவியளா?"

"எனக்கென்ன கிறுக்கா? ஒனக்குக் காயிதம் வேணும். எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும். வாரா வாரம் ஒரு படத்துக்கு இழுத்துட்டுப் போ. என் வாய் தொறக்காது."

கடிதம் அநேகமாகக் கைக்கு வந்ததுபோலத்தான். மாமா மட்டும் கொஞ்சம் வாயை மூடியிருந்தால் வந்தே இருக்கும். அவர் மறுநாளே கருவாட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வந்து ஒரே வாரத்தில் சிங்களம் பேசுகிறாள், டீச்சராகப் போகிறாள், என் மருமகள். அதில் பாதியாவது உண்மையாக இருக்க வேண்டுமே என்று நான் மாடியில் உட்கார்ந்து கவலைப்பட்டேன்.

வியாழக்கிழமை நீர்கொழும்பிலிருந்து சரக்கு கொண்டுவரும் அம்மாள் வந்தாள். கனத்த உடம்பு, கழுத்தில் சங்கிலி, சிலுவை. மாமா என்னைக் கீழே கூப்பிட்டார். மண்டி ஆட்கள் மூட்டைகளை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். "பேசிப் பாருங்க" என்றார் மாமா, பொன்னை உரைத்துப் பார்க்கக் கொடுப்பவர் மாதிரி.

அந்த அம்மாள் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். கடைசியில் 'யன்னே' என்று ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. படத்தில் வீட்டை விட்டு விரட்டும்போது அந்தப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு சொல்வாளே, நான் போகமாட்டேன் என்று, அதில் அந்தச் சொல் வரும். எனக்குத் தெரிந்த சிங்களம் அந்தப் படத்தில் கேட்டதுதான். அதையே எடுத்துவிட்டேன்.

"மம யன்னே நே!"

சொல் வந்த வழியிலேயே அழுகையும் வந்துவிட்டது. கையும் தன்னால் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டது.

அம்மாள் என்னையும் தூணையும் மாறிமாறிப் பார்த்தாள். எப்போது ஊருக்குப் போகிறாய் என்றுதான் அவள் கேட்டிருந்தாள். அந்த வகையில் என் பதில் தப்பில்லை. மறுபடி எதையோ கேட்டாள். நான், "சமாவென்ன, அம்மே" என்றேன். மன்னித்துவிடு அம்மா. அதுவும் படத்தில் வருவதுதான், அதற்கும் அழுகை கூடவே வந்தது.

அம்மாள் கருவாட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தே சிரித்தாள். நீர்கொழும்பில் பலருக்கும் தமிழ் வரும். அவளுக்கும் வந்தது. "முதலாளி, இது அந்தப் படத்துல அந்தப் பெட்டை அழுறது. நானும் பாத்தனான். உங்கட பிள்ளைக்குச் சிங்களம் வராது, நல்லா நடிக்க வரும்!"

மண்டி அதிர்ந்தது. மாமாவின் முகம் கறுத்துப்போயிற்று. மேலே வந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன், பத்து நாள் ஓடிய படத்தையும் கிணற்றையும். அத்தையைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளே, "நானும் தொண்டியில பாத்தேன்" என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள்.

மாமா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. தெருவில் அவரைப் பார்த்தவர்களெல்லாம் தூணைப் பிடித்துக்கொண்டு அழுது காட்டினார்களாம். விண்ணப்பத்துக்கு இருந்த நாள் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் நான் தேநீர்க்கடைக்காரரிடம் அன்றைய பேப்பரைக் கேட்டு வாங்கினேன். முதலில் தேதியைப் பார்த்தேன். அப்புறம் மாமா முன்னால் வைத்தேன்.

"இங்கிலீஷ் பொய்யில்ல மாமா. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

"அதையும் பாத்துருவம்" என்று எழுந்தார். அத்தை ஏற்கனவே பட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை உண்மையாகவே இங்கிலீஷ் படம். மைக் இல்லை, ஸ்டூல் இல்லை. திரையில் ஒரு ஆள் வாயைத் திறந்தார், அவர் குரலே வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கன்னியாஸ்திரீகள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார்கள். இவர்கள் வாயில் எதையோ மென்றுகொண்டு மொத்தமாகக் கொட்டினார்கள்.

"என்ன சொல்றான்?" என்றார் மாமா.

"தெரியல."

"இப்ப?"

"'கதவச் சாத்து'ங்கிறான்."

"அதுதான் சாத்துறாளே, எனக்கே தெரியுது. வேற?"

"வேற தெரியல மாமா. இருங்க."

புரிந்ததை மட்டும் சொல்வது என்று இருந்துவிட்டேன். நேரம் போகப் போக நாலில் ஒன்று பிடிபட்டது, பிறகு மூன்றில் ஒன்று. பாம்பன் மைக்குக்காரர் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் தணிந்தது. பாவம், அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். இடையில் அந்தப் பெண் அழுதாள். அழுதுகொண்டே அவள் சொன்னது முழுசாக எனக்குப் புரிந்தது. அதை மாமாவுக்குச் சொல்லத் திரும்பினால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை. அந்த வரி எனக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா என்னைக் காகிதமும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார்.

"கேட்டுக்க. நீ மூணுல ஒண்ணுதான் சொன்னே. ஒப்பந்தப்படி பாத்தா தோத்துட்டே."

"ஆமா மாமா."

"ஆனா தெருவுல மரியாத போச்சு. மருமக டீச்சரு டீச்சருன்னு நாந்தான் பறையடிச்சேன். இனி நீ மெய்யாவே டீச்சரானாத்தான் இவனுக வாயி அடையும். போயித் தொலை. எழுது ஒங்க அய்யாவுக்கு."

அத்தை குழந்தையைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தாள். நான் எழுதினேன். மாமா உலாவிக்கொண்டே சொன்னார். பிள்ளையை மதுரைக்கு அனுப்பவும். எனக்குப் பூரண சம்மதம். பிள்ளை கெட்டிக்காரி. அப்புறம் சுவரோடு நின்று யோசித்தார்.

"பிள்ளைக்குத் தமிழ், இங்கிலீஷ், சிங்களம் மூணு பாஷையும் தெரியும்னு போடு."

"மாமா, அதுதான் பொய்யினு..."

"இங்கனதான பொய்யி? பாம்பன்ல யாருக்குத் தெரியும்? உபதேசியார் வாசிக்கிறப்ப ஊரு கேக்கணும்ல. போடு."

பேனா கொஞ்சம் நின்றது. அத்தை, எழுதேன்டி என்பதுபோல் ஜாடை காட்டினாள். மாமாவுக்கு எண் தெரியும் என்பதால் எண்ணைப் போடவில்லை, எழுத்தாலேயே எழுதினேன். "பிள்ளைக்குத் தமிழ், இங்கிலீஷ் ஆகிய இரண்டு பாஷைகள் தெரியும்."

"வாசி" என்றார்.

"பிள்ளைக்குத் தமிழ், இங்கிலீஷ், சிங்களம் ஆகிய மூன்று பாஷைகளும் தெரியும்" என்று தடுமாறாமல் வாசித்தேன். மாமா திருப்தியாகத் தலையாட்டினார். கட்டைவிரலை மையில் தொட்டு, கடிதத்தில் இடம் தேடி, 'இரண்டு' என்ற சொல்லுக்கு நேர் கீழே அழுத்தி வைத்தார்.